மீடியாவிக்கியின் பராமரிப்பு ஸ்கிரிப்ட்கள்: கட்டளை வரிக்குப் புதியவர்களுக்கு

விக்கிப்பீடியா போன்ற தளங்களை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருக்கிறீர்கள். கோப்புகளையெல்லாம் ஒழுங்காக நகலெடுத்தாயிற்று. உலாவியில் திறந்தால் முதற்பக்கம் வரவில்லை. தரவுத்தளப் பிழை என்று ஒரு செய்தி நிற்கிறது. சொந்தமாக விக்கி நடத்தும் பலர் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டி ஓட்டும் சாளரத்தை, முதன்முதலாகத் திறப்பது இப்படியொரு நாளில்தான். பயப்பட ஒன்றுமில்லை. புதிய நிரல் எதிர்பார்க்கும் அட்டவணைகள் பழைய தரவுத்தளத்தில் இல்லை, அவ்வளவுதான். அவற்றைச் சேர்க்க 'அப்டேட்' என்ற ஸ்கிரிப்டை (கட்டளை வரியில் ஓட்டும் சிறு நிரலை) ஒருமுறை ஓட்ட வேண்டும்.

மீடியாவிக்கி நிறுவிய அடைவுக்குள் 'மெயின்டனன்ஸ்' என்று ஓர் அடைவு இருக்கும். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்கிரிப்ட்கள் உள்ளன. பெரும்பாலானவை உங்களுக்கு ஒருநாளும் தேவைப்படாது. ஐந்தாறைத் தெரிந்துகொண்டால் ஒரு சிறிய விக்கியைப் பல ஆண்டுகள் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலையை ஏன் உலாவியிலேயே செய்ய முடியாது என்று கேட்கலாம். உலாவி வழியாக வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பிஎச்பி (மீடியாவிக்கி எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி) ஒரு கால வரம்பு வைக்கிறது. இயல்பாக அது 30 விநாடி. கட்டளை வரியில் ஓடும் பிஎச்பிக்கு அந்த வரம்பு இல்லை. பல்லாயிரம் பக்கங்களின் இணைப்புகளைத் திரும்பக் கணக்கிட ஒரு மணி நேரம் ஆனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வேறுபாடுதான் முக்கியமானது. உலாவியில் ஒரு பக்கத்தை நீக்கினால் யார் நீக்கினார், ஏன் நீக்கினார் என்பது பதிவாகிறது. நிர்வாகி ஒருவர் அதை மீட்கவும் முடியும். ஸ்கிரிப்ட் அப்படியல்ல. நீங்கள் நிர்வாகியா என்று அது கேட்பதில்லை. டெர்மினலுக்குள் வந்துவிட்டீர்கள் என்றால் எல்லா உரிமையும் உங்களுக்கு உண்டு என்றே எடுத்துக்கொண்டு தரவுத்தளத்தில் நேராகக் கை வைக்கிறது. சில ஸ்கிரிப்ட்கள் அழித்ததைத் திரும்பப் பெற வழியே கிடையாது. அதனால்தான் கட்டளைகளைவிட, அவற்றை ஓட்டும் ஒழுங்கைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. ஸ்கிரிப்ட் பெயரில் முதல் சொல் சிறிய எழுத்தில் தொடங்கும், அடுத்தடுத்த சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். 'ரன்ஜாப்ஸ்' என்பதில் ஜாப்ஸின் முதலெழுத்து பெரியது. 'ரீபில்ட்' என்று தொடங்கும் சில பழைய ஸ்கிரிப்ட்கள் மட்டும் முழுக்கச் சிறிய எழுத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் அடைவைத் திறந்து கோப்பின் பெயரையே பார்த்துவிடுங்கள்.

தொடங்கும் முன்

1. விக்கியின் 'சிறப்பு:பதிப்பு' பக்கத்தில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 1.40 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் எல்லா ஸ்கிரிப்டையும் 'ரன்' என்ற ஒரே வாசல் வழியாக ஓட்ட வேண்டும். அதற்கு முந்தையது என்றால் ஒவ்வொரு ஸ்கிரிப்ட் கோப்பையும் நேராக அழைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் இரண்டாம் முறையில் இருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். விக்கி திறக்கவே இல்லை என்றால், புதிய பதிப்பின் கோப்புகளோடு வரும் வெளியீட்டுக் குறிப்புக் கோப்பின் பெயரிலேயே எண் இருக்கும்.

2. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரின் டெர்மினலைத் திறக்கும் வழி) மூலம் சர்வருக்குள் நுழைந்து, விக்கியின் அமைப்புகளைக் கொண்ட லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு இருக்கும் அடைவுக்குப் போங்கள். ஒரே சர்வரில் இரண்டு விக்கிகள் இருந்தால், எந்த அடைவில் நிற்கிறீர்கள் என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். சோதனை விக்கிக்கு எழுதிய கட்டளை உண்மையான விக்கியில் ஓடிவிட, தவறான அடைவு ஒன்றே போதும்.

3. பிஎச்பி பதிப்பைப் பாருங்கள்:

    பிஎச்பி -வி

வெப் சர்வர் பயன்படுத்தும் பிஎச்பியும் கட்டளை வரியில் கிடைக்கும் பிஎச்பியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உலாவியில் விக்கி நன்றாக ஓடும். டெர்மினலில் மட்டும் 'பிஎச்பி பழையது' என்று பிழை வரும். மீடியாவிக்கி 1.43-க்குக் குறைந்தது பிஎச்பி 8.1 வேண்டும். சர்வரில் பல பதிப்புகள் இருந்தால், கட்டளையில் பதிப்பு எண்ணோடு சேர்த்து, பிஎச்பி8.1 என்பதுபோல அழைக்க வேண்டியிருக்கும்.

4. ரூட் பயனராக (சர்வரில் எல்லா உரிமையும் உள்ள கணக்கில்) ஓட்டாதீர்கள். ஸ்கிரிப்ட் தற்காலிகக் கோப்புகளை எழுதினால் அவை ரூட்டின் பெயரில் உருவாகும். அப்புறம் வெப் சர்வரால் அவற்றைத் திருத்த முடியாது. விக்கி திடீரென்று 'கோப்பில் எழுத உரிமை இல்லை' என்று பிழை காட்டத் தொடங்கும், காரணமும் எளிதில் பிடிபடாது. டெபியன், உபுண்டு சர்வர்களில் வெப் சர்வரின் பயனர் பெயர் மூன்று டபிள்யூ, ஒரு சிறுகோடு, டேட்டா என்று இருக்கும். வேறொரு பயனரின் பெயரில் ஓட்ட உதவும் சுடூ கட்டளையில் -யூ போட்டு அந்தப் பெயரைக் கொடுத்து, அதன் பின்னால் ஸ்கிரிப்ட் கட்டளையை எழுதினால் போதும்.

5. பேக்கப். இதைத் தாண்டிப் போகாதீர்கள். மூன்று பொருள்கள் வேண்டும்: தரவுத்தளம், படங்கள் இருக்கும் 'இமேஜஸ்' அடைவு, லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு. தரவுத்தள மென்பொருள் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்றால் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையால் தரவுத்தளத்தை ஒரு கோப்பாக எடுக்கலாம். அப்போது எழுத்துத் தொகுதியைப் பைனரி என்று கொடுத்துவிடுங்கள் (--டிஃபால்ட்-கேரக்டர்-செட்=பைனரி). மீடியாவிக்கி தன் எழுத்துகளைப் பைனரியாகவே சேமிக்கிறது. இடையில் எதுவும் அவற்றை வேறு குறியேற்றத்துக்கு மாற்றாமல் இருந்தால்தான் தமிழ்ப் பக்கங்கள் மீட்கும்போது கேள்விக்குறிகளாக மாறாமல் வரும். எஸ்க்யூலைட் என்றால் விக்கியில் யாரும் எதுவும் எழுதாத நேரத்தில் தரவுத்தளக் கோப்பை நகலெடுத்தாலே போதும். எடுத்த கோப்பின் அளவு சுழியமாக இல்லை என்பதையும் பாருங்கள்.

முதல் கட்டளை

எதையும் மாற்றாத ஒன்றில் தொடங்குவோம்.

    பிஎச்பி மெயின்டனன்ஸ்/ரன்.பிஎச்பி ஷோஜாப்ஸ்

ஒரே ஓர் எண் வரும். காத்திருக்கும் பின்னணி வேலைகளின் எண்ணிக்கை அது. 0 வந்தாலும் சரி, 4000 வந்தாலும் சரி, ஓர் எண் வந்துவிட்டால் பிஎச்பி ஓடுகிறது, லோக்கல்செட்டிங்ஸ் கிடைக்கிறது, தரவுத்தள இணைப்பும் இருக்கிறது என்று பொருள். 1.40-க்கு முந்தைய பதிப்பில் ரன் இல்லாமல் மெயின்டனன்ஸ்/ஷோஜாப்ஸ்.பிஎச்பி என்று நேராக அழைக்க வேண்டும்.

எந்த ஸ்கிரிப்டின் பெயருக்குப் பின்னாலும் --ஹெல்ப் என்று சேர்த்தால் அது ஓடாமல், தன்னைப் பற்றிய விளக்கத்தையும் தன் தெரிவுகளையும் மட்டும் காட்டும். புதிதாக ஒரு ஸ்கிரிப்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். நான் இன்றும் செய்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு தெரிவுகள் மாறுகின்றன. உங்கள் சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்ட் சொல்வதே உங்களுக்குச் சரியான விளக்கம்.

நீட்சிகளோடு (மீடியாவிக்கிக்குக் கூடுதல் வசதி தரும் நிரல்களோடு) வரும் ஸ்கிரிப்ட்களை 1.40 முதல் நீட்சியின் பெயர், முக்காற்புள்ளி, ஸ்கிரிப்டின் பெயர் என்ற வடிவில் ரன்னுக்குக் கொடுக்கலாம்.

அப்டேட்

    பிஎச்பி மெயின்டனன்ஸ்/ரன்.பிஎச்பி அப்டேட்

இதை இரண்டு சமயங்களில் ஓட்ட வேண்டும்: மீடியாவிக்கியைப் புதுப்பித்த பிறகு, தனக்கென்று அட்டவணைகள் வைத்திருக்கும் நீட்சி ஒன்றை நிறுவிய பிறகு. இரண்டாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். கட்டளை கொடுத்ததும் 5 விநாடி எண்ணிக் காட்டும். மனம் மாறினால் அதற்குள் கண்ட்ரோல்+சி அழுத்தலாம். --க்விக் சேர்த்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. புதியவர்கள் அதைச் சேர்க்க வேண்டாம் என்பேன். தவறான அடைவில் நிற்கிறோம் என்பது பெரும்பாலும் அந்த 5 விநாடியில்தான் கண்ணில் படும்.

அப்டேட்டை எத்தனை முறை ஓட்டினாலும் தீங்கில்லை. முடிந்த மாற்றங்களை 'ஏற்கெனவே உள்ளது' என்று சொல்லித் தாண்டிப் போகும். பாதியில் நின்றுவிட்டால் பிழையைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஓடும் நேரத்தில் யாரும் தொகுக்காமல் இருக்க, லோக்கல்செட்டிங்ஸில் விக்கியை வாசிக்க மட்டும் விடும் அமைப்பு ஒன்று உண்டு. அதை அப்படியே போட்டால் ஸ்கிரிப்டும் எழுத முடியாமல் நின்றுவிடும். 'கட்டளை வரியிலிருந்து வந்தால் பூட்டாதே, மற்றபடி பூட்டு' என்று ஒரு நிபந்தனையோடு எழுதினால் இரண்டும் நடக்கும்.

வேலை வரிசை

ஒரு வார்ப்புருவை (பல பக்கங்களுக்குள் சேர்க்கப்படும் பொதுத் துண்டை) திருத்துகிறீர்கள். அதை 3000 பக்கங்கள் பயன்படுத்துகின்றன. அத்தனையையும் அந்த நொடியிலேயே புதுப்பிக்க முடியாது என்பதால் மீடியாவிக்கி அவற்றை வேலைகளாக வரிசையில் போட்டுவைக்கிறது. இயல்பான அமைப்பில், யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும்போது வரிசையிலிருந்து ஒரு வேலை நடக்கும். வாசகர் வருகை குறைந்த விக்கியில் இந்த வரிசை நகரவே நகராது. பகுப்புகளில் பக்கங்கள் சேராமல் இருப்பதும், 'இப்பக்கத்தை இணைத்தவை' பழைய பட்டியலையே காட்டுவதும் இதனால்தான். நிரலில் பிழை என்று நினைத்துப் பலர் நாள்கணக்கில் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

    பிஎச்பி மெயின்டனன்ஸ்/ரன்.பிஎச்பி ரன்ஜாப்ஸ்

வரிசை முழுவதையும் முடித்துவிட்டே நிற்கும். சர்வர் சிறியது என்றால் --மேக்ஸ்ஜாப்ஸ்=500 போல ஓர் எல்லை கொடுங்கள். இதைக் கையால் ஓட்டிக்கொண்டிருப்பதைவிட கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) வசம் ஒப்படைப்பது நல்லது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை, --மேக்ஸ்டைம்=500 என்று விநாடி எல்லையோடு ஓடவிட்டால் ஒன்று முடியும் முன் அடுத்தது தொடங்காது. கிரானில் பிஎச்பிக்கும் ஸ்கிரிப்டுக்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். டெர்மினலில் ஓடிய கட்டளை கிரானில் ஓடாமல் போக, முதலில் சந்தேகப்பட வேண்டியது பாதையைத்தான். கிரான் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான பின், பக்கத் திறப்பின்போது நடக்கும் வேலை வீதத்தை லோக்கல்செட்டிங்ஸில் 0 ஆக்கிவிடலாம்; பக்கங்களும் சற்று வேகமாகத் திறக்கும்.

காணாமல் போன பக்கங்கள்

இது புதியவர்களை மிகவும் கலங்கடிக்கும் ஒன்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் விக்கியில் 'பாடம்:அறிமுகம்', 'பாடம்:இலக்கணம்' என்ற தலைப்புகளில் பக்கங்கள் சேர்ந்துவிட்டன. பாடங்களுக்கெனத் தனிப் பெயர்வெளி (தலைப்பில் முக்காற்புள்ளிக்கு முன் வரும் பெயரால் பிரிக்கப்படும் பக்கத் தொகுதி) இருந்தால் நன்றாக இருக்குமே என்று லோக்கல்செட்டிங்ஸில் 'பாடம்' என்ற பெயர்வெளியை 3000 என்ற எண்ணோடும், அதன் பேச்சுப் பெயர்வெளியை 3001 என்ற எண்ணோடும் சேர்க்கிறீர்கள். அடுத்த நொடி அந்தப் பக்கங்கள் எல்லாம் மறைந்துவிடும்.

அவை அழியவில்லை. தரவுத்தளத்தில் 'பாடம்:அறிமுகம்' என்ற முழுத் தலைப்போடு முதன்மைப் பெயர்வெளியில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அந்த முகவரியைத் திறந்தால் மீடியாவிக்கி இப்போது 3000-ஆம் பெயர்வெளியில் 'அறிமுகம்' என்ற பக்கத்தைத் தேடுகிறது. அங்கே எதுவும் இல்லை. பழைய பக்கத்தை அதன் தலைப்பைக் கொண்டு தொட முடியாது. பதறிப்போய் எல்லாவற்றையும் புதிதாக எழுதத் தொடங்காதீர்கள். அப்படி எழுதினால் ஒரே தலைப்பில் இரண்டு பக்கங்கள் மோதும், சிக்கல் இரட்டிப்பாகும்.

    பிஎச்பி மெயின்டனன்ஸ்/ரன்.பிஎச்பி நேம்ஸ்பேஸ்டூப்ஸ்

இப்படி ஓட்டினால் சிக்கியிருக்கும் பக்கங்களின் பட்டியலை மட்டும் காட்டும். எதையும் மாற்றாது. பட்டியலை நிதானமாகப் படியுங்கள். சரியாக இருக்கிறது என்றால் --ஃபிக்ஸ் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். பக்கங்கள் தம் வரலாற்றோடு புதிய பெயர்வெளிக்கு நகர்ந்துவிடும். ஏற்கெனவே அங்கே அதே தலைப்பில் பக்கம் இருந்தால் அந்த ஒன்றை விட்டுவிட்டுச் சொல்லும். --ஆட்-சஃபிக்ஸ் தெரிவில் ஒரு பின்னொட்டு கொடுத்தால், மோதும் பக்கம் அந்தப் பின்னொட்டோடு வேறு தலைப்பில் வந்து சேரும். பிறகு உலாவியிலேயே ஒப்பிட்டு இணைக்கலாம்.

பார்ப்பவையும் செய்பவையும்

நேம்ஸ்பேஸ்டூப்ஸ் நடந்துகொள்ளும் விதம் அழகானது: முதலில் காட்டும், கேட்டால்தான் செய்யும். எல்லா ஸ்கிரிப்டும் அப்படியில்லை, ஆபத்து அங்கேதான். இனிட்சைட்ஸ்டாட்ஸ் விக்கியின் பக்க எண்ணிக்கை போன்றவற்றைக் காட்டும், --அப்டேட் சேர்த்தால்தான் சேமிக்கும். பக்கங்களின் பழைய பதிப்புகளை அழிக்கும் டிலீட்ஓல்டுரிவிஷன்ஸ், ஒரு பக்கத்தை அடியோடு அழிக்கும் நியூக்பேஜ் ஆகியவை --டிலீட் என்று சொன்னால்தான் அழிக்கும். ஆனால் செல்லாத தலைப்புகளைச் சரிசெய்யும் கிளீனப்டைட்டில்ஸ் தலைகீழ்: சும்மா ஓட்டினாலே மாற்றத் தொடங்கிவிடும், வெறுமனே பார்க்க வேண்டுமென்றால் நீங்கள்தான் --டிரை-ரன் சேர்க்க வேண்டும். டிலீட்பேட்ச் நீங்கள் கொடுத்த பட்டியலை உடனே நீக்க ஆரம்பிக்கும். ரிஃப்ரெஷ்லிங்க்ஸும் உடனே ஓடும், ஆனால் அது பக்கங்களைத் தொடாமல் இணைப்பு அட்டவணைகளை மட்டும் திரும்பக் கணக்கிடுவதால் அஞ்ச வேண்டாம்.

டிலீட்ஓல்டுரிவிஷன்ஸ் பற்றி ஒரு சொந்த அனுபவம். தரவுத்தளம் பெருத்துவிட்டது என்று எண்ணி ஒரு சிறிய விக்கியில் அதை --டிலீட் போட்டு ஓட்டினேன். எல்லாப் பக்கங்களின் பழைய பதிப்புகளும் போய்விட்டன. யார் எதை எழுதினார் என்ற வரலாறே இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கும் விக்கிக்கு எழுதியவரை அடையாளம் காட்டுவது இந்த வரலாறுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தைய நாளின் பேக்கப் இருந்ததால் மீட்டோம். ஆனால் அன்று ஒருநாள் முழுக்கப் பங்களிப்பாளர்கள் எழுதியது போனது போனதுதான். இத்தனைக்கும் தரவுத்தளம் வட்டில் பிடித்திருந்த இடமும் உடனே குறையவில்லை. மைஎஸ்க்யூஎல், மரியாடிபி பயன்படுத்தும் இன்னோடிபி அட்டவணைக் கோப்புகள், வரிகளை நீக்கினாலும் தாமாகச் சுருங்குவதில்லை. இந்த ஸ்கிரிப்ட் உங்களுக்குத் தேவைப்படாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் மறந்த நிர்வாகி

மின்னஞ்சல் அமைக்காத விக்கியில் ஒரே நிர்வாகி கடவுச்சொல்லை மறந்துவிட்டால் உலாவி வழியாக வழியில்லை.

    பிஎச்பி மெயின்டனன்ஸ்/ரன்.பிஎச்பி சேஞ்ச்பாஸ்வேர்டு --யூசர்='பெயர்' --பாஸ்வேர்டு='புதியது'

பெயரையும் கடவுச்சொல்லையும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஆச்சரியக்குறி, டாலர் குறி போன்றவற்றை ஷெல் (டெர்மினலில் நீங்கள் தட்டுவதைப் படித்து ஓட்டும் நிரல்) வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும். தட்டிய கடவுச்சொல் ஷெல் வரலாற்றில் அப்படியே தங்கிவிடும் என்பதால், உள்ளே நுழைந்ததும் 'விருப்பத்தேர்வுகள்' வழியாக இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். புதிதாக ஒரு நிர்வாகிக் கணக்கு வேண்டும் என்றால் கிரியேட்அண்ட்ப்ரமோட் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள கணக்குக்கு உரிமை தருவதாக இருந்தால் அதற்கு --ஃபோர்ஸ் சேர்க்க வேண்டும்.

உள்ளடக்கத்தை எடுப்பதும் போடுவதும்

டம்ப்பேக்கப் ஸ்கிரிப்டை --ஃபுல் என்று ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பினால் எல்லாப் பக்கங்களும் வரலாற்றோடு எக்ஸ்எம்எல் வடிவில் கிடைக்கும். --கரண்ட் என்றால் இன்றைய பதிப்பு மட்டும். பெயரைப் பார்த்து இதுவே முழுப் பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் இதில் வராது. படங்களைத் தனியே எடுக்க வேண்டும். வேறு விக்கிக்கு உள்ளடக்கத்தைக் கொண்டுபோக இது அருமையான வழி. அங்கே இம்போர்ட்டம்ப்பால் உள்ளே ஏற்றிய பிறகு, ரீபில்ட்ரீசன்ட்சேஞ்சஸ், அப்புறம் இனிட்சைட்ஸ்டாட்ஸ் --அப்டேட் இரண்டையும் ஓட்டுங்கள். அண்மைய மாற்றங்களும் பக்க எண்ணிக்கையும் அப்போதுதான் சரியாகும்.

பெரிய கோப்பை ஏற்றப் பல மணி நேரம் ஆகலாம். நடுவில் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால் ஸ்கிரிப்டும் அதோடு நின்றுவிடும். அதனால் நீண்ட வேலைகளை டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் என்ற நிரலுக்குள் தொடங்குங்கள். இணைப்புப் போனாலும் வேலை நிற்காது. திரும்ப வந்து எட்டிப் பார்க்கலாம்.

டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிக் கொள்கலங்களில் ஓட்டும் கருவியில்) விக்கி ஓடுகிறது என்றால் கட்டளைகளை டாக்கர் எக்ஸெக் மூலம் கொள்கலத்துக்கு உள்ளே ஓட்ட வேண்டும். வெளியே இருக்கும் பிஎச்பிக்கு உங்கள் விக்கியைத் தெரியாது.

பிழை வந்தால்

முதல் வரியைப் படியுங்கள். கீழே நீளமாக வரும் அழைப்புப் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். லோக்கல்செட்டிங்ஸ் இல்லை என்று சொன்னால் நிற்கும் அடைவு தவறு, அல்லது நீங்கள் ஓட்டும் பயனருக்கு அந்தக் கோப்பைப் படிக்கும் உரிமை இல்லை. வெண்டர் அடைவு அல்லது சார்பு நிரல்கள் இல்லை என்றால், அவற்றை இறக்கித் தரும் கம்போசர் ஓட்டப்படவில்லை. மீடியாவிக்கியின் மூல நிரலைக் கிட் களஞ்சியத்திலிருந்து நேராக எடுத்தவர்களுக்கு இது வழக்கமாக வரும், வெளியீட்டுத் தொகுப்பைப் பயன்படுத்தினால் வராது. ஒரு நீட்சியின் பெயர் பிழையில் தெரிந்தால், லோக்கல்செட்டிங்ஸில் அந்த நீட்சியை ஏற்றும் வரியின் முன்னால் ஒரு எண் குறி (#) போட்டுத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

டெர்மினல் வசதியே இல்லாத ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் அப்டேட்டை மட்டும் உலாவியில் செய்ய முடியும். விக்கியின் முகவரிக்குப் பின்னால் எம்டபிள்யூ-கான்ஃபிக் என்ற அடைவைத் திறந்தால், லோக்கல்செட்டிங்ஸில் இருக்கும் மேம்படுத்தல் சாவியைக் கேட்டுவிட்டு அதே வேலையைச் செய்யும். மற்ற ஸ்கிரிப்ட்களுக்கு இப்படி ஒரு வழி கிடையாது. வேலை வரிசையும் பெயர்வெளியும் உங்களுக்குத் தேவைப்படும் என்று தெரிந்தால் எஸ்எஸ்எச் தரும் ஹோஸ்டிங்குக்கு முன்கூட்டியே மாறிவிடுங்கள்.